அம்மன் வராத வெள்ளிக்கிழமை

மாரியம்மனை மனதார நம்புகிற உங்கள் எல்லோருக்கும், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் வீட்டிலிருந்து கஸ்தூரி எழுதுகிறேன். போன வருஷம் ஆனி மாதம், படித்த படிப்பும் கும்பிட்ட தெய்வமும் சேர்ந்தே என்னைக் கைவிட்டுவிட்டதாக நினைத்து, எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதவள் நான். என்னைத் தாங்கிப் பிடித்தவள் அவள்தான். ஆனால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அதையும் மறைக்காமல்தான் எழுதப் போகிறேன்.

நான் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் ஆராய்ச்சியாளர். மண்ணிலும் தண்ணீரிலும் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புகிறவள். வருஷத்தில் ஒரு நாள், ஆடி மாதம் கூழ் ஊற்றும் வெள்ளிக்கிழமை, பம்பை அடித்ததும் என் மேல் அம்மன் வருவாள். எப்படி வருகிறாள் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

எங்கள் லைனுக்குப் பின்னால், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டை ஒட்டி, புதிதாக ஆழ்துளைக் கிணறு தோண்டி போர் போட்டார்கள். நகரசபைத் தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்துக் கிடந்த ஜனங்களுக்கு வீட்டு வாசலிலேயே தண்ணீர். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த இடம் பிடிக்கவில்லை. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தேன். ஆர்செனிக் இருந்தது, குடிக்கக் கூடாத அளவுக்கு. நம்பாமல் மறுபடி மறுபடி பார்த்தேன். அதே எண்தான் வந்தது. என் தங்கை வசந்தி அப்போது முழுகாமல் இருந்தாள். தினமும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

நகரசபைக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதைப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். போர் போட்ட காண்ட்ராக்டர் தன் செல்போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதில் முந்தின வருஷத்து ஆடி வீடியோ. தலைவிரி கோலமாக, கையில் வேப்பிலையோடு நான் ஆடிக்கொண்டிருக்கிறேன். “இந்தம்மாவா சயின்டிஸ்ட்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். தண்ணீரைப் பற்றி அதன் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் பக்கம் பேசவேண்டிய எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் அவரைக் கேட்டேன். “சார், புது மெஷின் வந்தா எலுமிச்சம்பழம் வெச்சு, குங்குமம் இட்டு, ராகுகாலம் போனப்புறம்தான் சுவிட்ச் போடறீங்க. அதுல வர்ற நம்பரை நம்பறாங்களே, நான் பார்த்த நம்பரை மட்டும் ஏன் நம்ப மாட்டேங்கறாங்க?” அவர் முகம் சுருங்கியது. அது நம் கலாச்சாரம், இது வேறு, இது மூடநம்பிக்கை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். எலுமிச்சம்பழத்துக்கு உள்ள மரியாதை வேப்பிலைக்கு இல்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது.

ஒருத்தி சாமியாடினால் அவள் பார்க்கிற எண் மாறிவிடுமா? கருவியின் முன்னால் உட்கார்ந்து நான் ஒரு நாளும் அம்மனைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் அந்த எண் எனக்காகக் கூடவோ குறையவோ போவதில்லை. இதைப் படித்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லையே என்றுதான் அன்றைக்கு அந்த பெஞ்சில் அழுதேன்.

சரி, நம் ஜனமாவது கேட்கும் என்று வீடு வீடாகப் போனேன். இங்கே வேறு மாதிரி அடி. “நீ சொல்றியா, அம்மா சொன்னாளா?” என்று கேட்டார்கள். நான் சொல்கிறேன் என்றதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போரடிக்கே போனார்கள். வசந்தியும்தான்.

“ஊரே குடிச்சிக்கினு கீது, எனக்கு மட்டும் இன்னா ஆயிடப் போவுது, போக்கா” என்றாள்.

அங்கே சாமியாடுவதால் நம்பவில்லை. இங்கே சாமியாடாமல் சொன்னதால் நம்பவில்லை. இரண்டு பக்கமும் நான் பொய்க்காரி. கோயிலுக்குப் போய் அம்மன் எதிரே நின்று சண்டையே போட்டேன். “இத்தனை வருஷம் என் உடம்பை எடுத்துக்கொண்டாயே, இந்த ஆடிக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல். இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீ சொல். என் தங்கை வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்று.” தினமும் இதுதான் என் பிரார்த்தனை.

கூழ் ஊற்றும் வெள்ளி வந்தது. எங்கள் லைனில் ஒரு வழக்கம். முதல் பானைக்குத் தண்ணீர் கொண்டுவந்து அம்மன் முன் வைப்பார்கள். என் மேல் அவள் வந்து வாக்குச் சொன்ன பிறகுதான் அடுப்புப் பற்றவைப்பார்கள். அந்த வருஷம் பானையில் இருந்தது போர் தண்ணீர். மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். பம்பையும் உடுக்கையும் அடித்தார்கள். கண்ணை மூடி நின்றேன்.

அவள் வரவில்லை.

பம்பைக்காரர்களுக்குக் கை சோர்ந்துபோனது. கற்பூரம் மறுபடி ஏற்றினார்கள். எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. கொஞ்சம் ஆடினால் போதும். தலையை அவிழ்த்துவிட்டு, குரலை மாற்றி, “இந்தத் தண்ணி விஷம்டா” என்று ஒரு கூச்சல் போட்டால் லைன் முழுக்கக் கேட்கும். வசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். அவளைப் பார்த்ததும் ஆடுவதற்காகக் காலைத் தூக்கிவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அம்மன் பெயரை வைத்து நானாகப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. காலைக் கீழே வைத்துவிட்டேன்.

கூழ்ப்பானைக்குப் பொறுப்பான அஞ்சலையம்மா கிட்டே வந்தாள். “இன்னாடி, அம்மா வரலியா?”

“வரலம்மா.”

எங்கள் கோயிலில் அதற்கு முன் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

“நீ ஆடிட்டு சொல்லியிருந்தா நாங்க நம்பியிருப்போமே. அது உனக்குத் தெரியும் இல்ல?”

“தெரியும். அவ வராம எப்படிம்மா ஆடறது?”

அஞ்சலையம்மா என்னையே பார்த்தாள். பிறகு பானையிடம் போய், இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள். “அம்மா பேர்ல பொய் சொல்லாதவ, தண்ணி விஷயத்துல பொய் சொல்லுவாளா? எல்லாரும் கொட்டுங்கடி” என்றாள்.

ஒவ்வொரு குடமாகக் கொட்டினார்கள். வசந்தியும் கொட்டினாள். அன்றைக்குப் பக்கத்து ஆண்டர்சன்பேட்டையிலிருந்து கேன் தண்ணீர் வரவழைத்துத்தான் கூழ் காய்ச்சினோம். மறுநாளே போர் குழாயைப் பெண்கள் கழற்றிவிட்டு, காலிக் குடங்களோடு நகரசபை வாசலில் போய் உட்கார்ந்தார்கள். லாரித் தண்ணீர் வந்தது. மறு பரிசோதனைக்கு உத்தரவும் வந்தது.

அந்தப் பரிசோதனையைச் செய்தது எங்கள் ஆய்வுக்கூடம்தான், ஆனால் என்னிடம் தரவில்லை. கடவுளே இல்லை என்கிற என் சக ஊழியரிடம் தந்தார்கள். நல்ல மனிதர். எனக்கு வந்த அதே எண் அவருக்கும் வந்தது. அறிக்கை அவர் கையெழுத்தோடு போனது. போரை மூடினார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை. அதைக் கேட்டபோது, இனிமேல் எதற்குப் பிரச்சினை என்றார் தலைவர்.

வசந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறாள். அவளைக் கையில் வாங்கிய அன்றைக்குத்தான், அம்மன் ஏன் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. வந்திருந்தால் ஜனம் அவளை நம்பியிருக்கும். வராமல் இருந்து, ஜனம் என்னை நம்பும்படி செய்தாள். தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம். என் நெஞ்சில் இருக்கிற கசப்பையும் நீயே பார்த்துக்கொள்.

போன மாதம் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மகளுக்கு மூன்று வருஷமாக வரன் அமையவில்லையாம். உங்கள் அம்மனிடம் ஒரு வாக்கு கேட்டுச் சொல்ல முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

“ஆடி வெள்ளிக்கு ஸ்கெலட்டனுக்கு வாங்க சார். கூழ் வாங்க வரிசையில நில்லுங்க. எல்லார் முன்னாடியும் கேளுங்க” என்றேன்.

எல்லார் முன்னாலுமா என்று கேட்டுவிட்டு, அவசரமாக எதையோ படிக்க ஆரம்பித்தார்.

நீங்களும் அவளை நம்புங்கள். அவள் பேசாத நாளிலும் நம்புங்கள். இந்த ஆடிக்கும் நான் ஈரப் புடவையோடு அங்கே நிற்பேன். அவள் வந்தால், வந்தாள் என்பேன். வராவிட்டால், இல்லை என்பேன். திங்கட்கிழமை காலை ரயிலேறிப் போய் ஆய்வுக்கூடத்திலும் இதையேதான் செய்வேன்.