சேராத மெமரி

1982 ஒக்டோபர் 29, வெள்ளிக்கிழமை, காலை எட்டே முக்கால். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, ஓப்பநாயக்கப் பக்கத்து மலைகளில் பனிமூட்டம் மட்டும் மிச்சமிருந்தது. எங்கள் தோட்டத்து ஒபீசில், மூடி கழற்றிய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதன் திரை 64 என்று காட்டி நின்றது. 128 காட்டியிருக்க வேண்டும்.

நான் அப்போது அந்தத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர். இரண்டு கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருந்தது. செக்ரோல் எனப்படும் சம்பளப் புத்தகத்தின் எண்கள் எறும்பு வரிசையாகத்தான் தெரியும். தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு இது தெரியும். நல்ல மனிதர். என்னை வீட்டுக்கு அனுப்பாமல், வெளிநாட்டிலிருந்த தம் மைத்துனர் மூலம் ஒரு சிறிய கம்ப்யூட்டரைத் தருவித்தார். திரையில் எண்கள் பெரிதாகத் தெரிந்தன. ஆனால் தோட்டத்துச் செக்ரோல் முழுவதும் ஏற அதன் ஞாபகம் போதவில்லை. அதற்காகக் கொழும்பில் ஒரு மெமரி அட்டை வாங்கினோம். உள்ளே படுத்திருக்கும் பெரிய பலகையின் பள்ளத்தில் அதைச் செருக வேண்டும். மதர்போர்ட் என்ற சொல்லையே அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

அந்த மெஷின், தொடங்கும்போதெல்லாம் தன் ஞாபகத்தைத் தானே எண்ணிப் பார்க்கும். என்னைப் போன்ற பிறவி. ஆனால் அட்டையைச் செருகிய பிறகும் 64க்கு மேல் எண்ண மறுத்தது. கழற்றி மறுபடி செருகினேன். பக்கத்துப் பள்ளத்துக்கு மாற்றினேன். பூதக்கண்ணாடி வைத்து அட்டையின் பொன்னிறப் பற்களை எண்ணினேன். பள்ளத்துக்குள் இருந்த நாக்குகளையும் எண்ணினேன். இரண்டும் ஒத்துப்போயின. பிறகு கொழும்புக் கடைக்கு ட்ரங்கோல் போட்டேன்.

"பல்லு சரியா இருந்தா போதுமா ஐயா? இந்த மெமரி அந்த போர்டுக்குச் சேராது. வேற ரகம் வேணும்," என்றார் கடைக்காரர். "சிங்கப்பூர்ல இருந்து வரணும். மூணு மாசம் ஆகும்."

தீபாவளி முற்பணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. இன்றைக்குள் சரிவராவிட்டால் ஓர் இளம் கிளாக்கரைப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று துரை தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். மகளுக்குப் பரீட்சை வருடம். எங்களுக்கு வேறு வீடு கிடையாது.

அந்த நேரம் டீமேக்கர் உள்ளே வந்தார். தொழிற்சாலையில் தேயிலையின் பதம் பார்ப்பவர். சிங்களவர், ஆனால் எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார்.

"என்ன கிளாக்கர் ஐயா, ஒபீசுக்குள்ள கோயில் நடத்துறீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. என் பொழப்பே போகப்போகுது."

"அனே, கிண்டல் இல்ல. சந்தன வாசம் வருது."

"ஆயுத பூசை முடிஞ்சு மூணு நாளாச்சு. உங்க மூக்குல ஒட்டியிருக்கும்."

"என் மூக்கைப் பத்தித் துரைகிட்ட கேளுங்க. இது சூடான சந்தனம்." இறக்கிய தேயிலையை முகர்வதுபோல் மெஷினுக்கு மேலே குனிந்தார். "இதுக்குள்ள இருந்துதான் வருது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆயுத பூசையன்று தொழிற்சாலை ரோலர், தராசு, கவ்வாத்துக் கத்தி, ஒபீஸ் டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் கோயில் பண்டாரம் சந்தனம் வைத்தார். அன்றுதான் அட்டையும் வந்து சேர்ந்தது. நல்ல நாள் என்று அதையும் தட்டில் வைத்தேன். பண்டாரம் மூன்று விரலால் சந்தனம் எடுத்து, பளபளத்த அந்தப் பல்வரிசை மேலேயே குளிரக் குளிர இழுத்துவிட்டார். செருகுமுன் கைக்குட்டையால் துடைத்தேன். என் கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது.

மெஷினை நிறுத்தி அட்டையை உருவினேன். டீமேக்கர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பல்லு விளக்காம வேலைக்கு வந்திருக்காரு," என்றார்.

டிஸ்பென்சரியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் வந்தன. பென்சில் அழிக்கும் ரப்பரால் பற்களைத் தேய்த்தார். ஈர்க்கில் பஞ்சு சுற்றிப் பள்ளத்தைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. வெள்ளையாக வரும்வரை துடைத்தார். தொழிற்சாலையில் அவருக்கு ஆயிரம் வேலை கிடந்தது. ஒரு முறைகூட மணி பார்க்கவில்லை. ஸ்பிரிட் காய்ந்ததும் அட்டையைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். 64 வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நூத்தி இருபத்தெட்டு," என்று வாசித்தார் அவர். "கண்ணைத் திறங்க ஐயா, உங்களுக்குத்தானே வாங்கினது."

தீபாவளி முற்பணம் நாள் தவறாமல் போனது. மகள் அந்த வீட்டிலிருந்தே பரீட்சை எழுதினாள். துரையின் பொறுமைக்கும் டீமேக்கரின் மூக்குக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சமல்ல. பண்டாரத்திடம்கூட எனக்குக் கோபம் வரவில்லை. நல்லதை நினைத்துத்தானே வைத்தார்!

"இனிமே மெஷினுக்குப் பொட்டு வைக்காட்டி சாமி கோவிச்சுக்காதுங்களா?" என்று கேட்டார் பண்டாரம்.

"மூடிக்கு வைங்க. வயித்துக்குள்ள வேணாம்."

டீமேக்கர் கைம்மாறாக எதையும் வாங்க மறுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலில் அவர் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்வித்தேன். பண்டாரம் நட்சத்திரம் கேட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த டீமேக்கருக்கு அது தெரியாது.

"ரோகிணியோ ராணியோ, ஏதாவது நல்லதாப் பார்த்துப் போடுங்க," என்றார்.

தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, சூடம், தட்சணை, தேய்ந்துபோன ரப்பருக்குப் பதில் ஒரு புது ரப்பர். எல்லாமாக எனக்கு ஆன செலவு பதினொரு ரூபாய் இருபத்தைந்து சதம்.