நேராக நின்றவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. 1968 பங்குனி மாதம், விருத்தாசலத்தில், பட்டப்பகலில், கனகாவின் கண்ணெதிரே நடந்தது.

கனகா புதிதாகக் கல்யாணமானவள். கணவன் தேவநாதன் சர்வேயர். பீங்கான் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு தெருவுக்கு அடியில், எவனோ ஒரு காண்டிராக்டர் பழுப்பு நிலக்கரி தேடிச் சுரங்கம் குடைந்து, பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தான். மார்கழி மழையில் சில சுவர்கள் விரிசல் கண்டன. தெருவையே காலி செய்து பள்ளிக்கூட வராந்தாவில் தங்கவைத்தார்கள். மண் இறங்குகிறதா என்று வாராவாரம் அளந்து சொல்வது தேவநாதனின் வேலை.

தெரு நெடுக மர முளைகள் அடித்திருந்தான். தெருக்கோடியில் ஒரு கருங்கல். அதுதான் ஆதாரக்கல். அது அசையாது என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்துதான் முளைகளின் உயரத்தைக் கணக்கிடுவான். இதுவரை ஒரு முளைகூட இறங்கவில்லை. அன்றைக்கும் இறங்கவில்லை என்றால், சாயங்காலமே எல்லாரும் வீடு திரும்பலாம்.

கனகா சாப்பாடு கொண்டுபோனபோது உச்சி வேளை. தெருக்காரி தங்கம்மாள் தேவநாதனைச் சீண்டிக்கொண்டிருந்தாள்.

"பூமி எறங்குதோ இல்லியோ தம்பி, குனிஞ்சு குனிஞ்சு உன் முதுவுதான் எறங்கிப்போச்சு. இன்னிக்காவது எங்க வூட்ல சோறாக்கலாமா?"

"இன்னும் ஒரே ஒரு அளவுதாங்க்கா. முடிஞ்சதும் போயிடலாம்."

அவள் மூட்டை கட்ட ஓடினாள்.

கனகாவுக்கு, உயரம் அளக்கும் லெவல் கருவியின் கண்ணாடியில் பார்க்க ஆசை. தேவநாதன் சிரித்தபடி இடம் விட்டான். தூரத்தில், ஆதாரக்கல்லின் மேல் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு உதவியாள் கொளஞ்சியப்பன் நின்றார்.

கனகாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஐய... கொளஞ்சியப்பன் அண்ணன் தலைகீழா தொங்கறாரு!"

"இந்தக் கண்ணாடி அப்படித்தான். எல்லாத்தையும் தலைகீழாத்தான் காட்டும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்ப... பக்கத்துல இருக்கற அந்தம்மா மட்டும் எப்படிங்க நேரா நிக்கறாங்க?"

தேவநாதன் நிமிர்ந்து பார்த்தான். கல்லருகே கொளஞ்சியப்பனைத் தவிர யாருமில்லை.

கனகா கண்ணை எடுக்கவில்லை. அரக்குப் புடவை. மங்கலான முகம். காற்று இல்லை. காக்கைகளின் சத்தம்கூட நின்றிருந்தது. ஆனால் அவள் கூந்தல்... மேலே பார்த்து நின்றது. முந்தானையும்.

"முடி இன்னாங்க... வானத்தப் பாத்து நிக்குது?"

அவன் அவளை விலக்கிவிட்டுப் பார்த்தான். அளவுகோல். கொளஞ்சியப்பன். வேறொன்றும் இல்லை.

ஆனாலும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஏங்க?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"இதுல நேரா தெரிஞ்சா..." அவன் கருவியிலிருந்து நிமிர்ந்தான். "நெசத்துல அவ தலைகீழா இருக்கணும்."

கூந்தல் கீழே.

தலை மண்பக்கம்.

கால்... மேலே.

கனகா அவன் கையை இறுகப் பிடித்தாள். "இன்னிக்கு தெருக்காரங்கள வூட்டுக்கு அனுப்பாதீங்க."

"அளவு சரியா இருக்குது கனகா. உனக்கு வெயில்ல கண்ணு கூசியிருக்கும்."

"அந்தம்மா அந்தக் கல்லு கிட்டதாங்க நின்னாங்க. அந்தக் கல்ல யாரு அளந்தாங்க?"

அந்தக் கல்லை வைத்துத் தெருவையே அளந்தவன், நட்ட பிறகு அந்தக் கல்லை ஒருநாளும் அளந்ததில்லை.

சாப்பாட்டைத் தொடாமல் கிளம்பினான். ரயில் நிலையத்தில் இருந்த, உயரம் குறித்த பழைய அளவுக்கல்லிலிருந்து தொடங்கி, தெருவரை அளந்துகொண்டே வந்தான். முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

நட்டபோது குறித்த உயரத்தைவிட ஆதாரக்கல் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. கல்லும் தெருவும் சேர்ந்தே இறங்கியதால், வித்தியாசமே தெரியவில்லை.

மூட்டையோடு வந்து நின்ற தங்கம்மாள் கத்தினாள். "இத்தினி நாளா இன்னாத்ததான்யா அளந்த?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் யாரையும் தெருவுக்குள் விடவில்லை.

மறுநாள் விடிகிற நேரம். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த கனகாவின் காதில் விழுந்தது.

மொத்...

அவ்வளவுதான். ஒரே சத்தம்.

தெரு இல்லை. வீடுகள் இருந்த இடத்தில் பெரும்பள்ளம். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஆதாரக்கல் நின்ற இடம் மட்டும் திட்டுப்போல விழாமல் நின்றது. அது ஏன் விழவில்லை என்று யாருக்கும் புரியவில்லை. சில நாள் கழித்து அந்தக் கல்லைப் பெயர்த்தார்கள். அடியில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. தலைகீழாக. இரண்டு பாதங்களும் கல்லின் அடியை ஒட்டியிருந்தன... கல்லை ஏந்திப் பிடித்ததுபோல.

சுரங்கம் வெட்டியபோது செத்தவளாக இருக்கும் என்றார்கள். போலீஸும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனது.

அன்று வீட்டுக்கு வந்த கொளஞ்சியப்பன், கனகா கொடுத்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"தை மாசம் அந்தக் கல்ல நட்டவன் நான்தாம்மா. ஆளொசரம் தோண்டி, மண்ணக் கெட்டிச்சு, அதுமேலதான் நட்டேன்."

"அப்ப..."

"அப்ப அங்க யாரும் இல்லம்மா."