காபி குடித்தால் கை நனைந்ததா?

அக்கா மகனுக்குப் பெண் பார்க்கச் செஞ்சிக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனதற்கு ஒரே காரணம், நான் தாய்மாமன். இந்தப் பதவிக்குத் தகுதித் தேர்வு கிடையாது. இருந்திருந்தால் அக்கா வேறு ஆள் பார்த்திருப்பாள்.

பஸ்ஸிலேயே பையன் என் காதைக் கடித்தான். "மாமா, எனக்கு இந்தப் பொண்ணுதான். அம்மா அடுத்த வாரம் திண்டிவனத்துல இன்னொரு எடம் பாக்கணும்னு நிக்குது. எப்படியாச்சும் இன்னிக்கே முடிச்சுக் குடு."

யாராவது என்னை நம்பிப் பொறுப்பு ஒப்படைத்தால் எனக்குக் கொட்டாவி வரும். வந்தது.

பெண் கேசரி, பஜ்ஜி, காபி கொண்டுவந்து வைத்தாள். அக்கா தட்டை மெல்லத் தள்ளினாள். "தப்பா நெனைக்காதீங்க. முடிவானாத்தான் நாங்க கை நனைப்போம். காபி வேணா குடிக்கிறோம், அது தண்ணி மாதிரி."

பேசி முடியும் முன் பெண் வீட்டில் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இந்தச் சட்டத்தில் காபிக்கு மட்டும் விலக்கு. சட்டத்தை மதித்து என் டம்ளரைக் காலி செய்தேன்.

பிறகு யாரும் பேசவில்லை. ஜன்னலில் தெரிந்த கோட்டையை வருஷக்கணக்கில் முற்றுகையிட்டவர்கள்கூட இவ்வளவு சங்கடமாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பேச்சு நின்றால் நான் படித்ததெல்லாம் வாய்க்கு வந்துவிடும். காபிப் பழம் தின்று ஆடுகள் குதித்த கதையைச் சொன்னேன். ஒரு சூஃபி ஞானி ஏழு விதைகளை மறைத்து எடுத்துவந்து மைசூர்ச் சீமை மலையில் நட்ட கதையைச் சொன்னேன். காபி விஷமென்று நிரூபிக்க ஒரு ராஜா கைதிக்குத் தினமும் காபி கொடுக்க, கண்காணித்த வைத்தியர்களும் ராஜாவும் முதலில் செத்துப்போனதாகச் சொல்லப்படும் கதையையும் விடவில்லை.

"அப்படிங்களா சார்," என்றார் பெண்ணின் அப்பா. நெல் மண்டி வைத்திருப்பவர். எடை போட்டே பழகிய கண்.

அந்த மரியாதையில் மயங்கிவிட்டேன். "ஆரம்பத்துல காபிய யாரும் குடிக்கலீங்க. ஆப்பிரிக்காவுல பழத்த இடிச்சு, கொழுப்புல பெசஞ்சு, உருண்டை புடிச்சுத் துன்னாங்க. நியாயமாப் பாத்தா அது சாப்பாடு."

"சாப்பாடா சார்?"

"சாப்பாடேதான்."

அவர் என் காலி டம்ளரை எட்டிப் பார்த்தார். "அப்போ கை நனைச்சிட்டீங்க, சம்பந்தி!"

அக்கா வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைத் தேள் கொட்டியதுபோல் கீழே வைத்தாள். "டேய், இன்னாடா ஒளர்ற?"

அவசரமாகப் பின்வாங்கினேன். "கொழுப்பு சேந்தாத்தான் சாப்பாடு. வெறும் டிகாஷன்னா கணக்கில்ல."

"பால் ஊத்தியிருக்குதே! எங்க வீட்டு எருமைப் பாலு. அதுல இல்லாத கொழுப்பா?"

"ஆடையோட ஊத்தினேன்," என்று சமையலறையிலிருந்து பெண்ணின் அம்மா சாட்சி சொன்னார்.

அக்கா கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். "இவன் குடிச்சா இன்னா? இவனுக்கா கல்யாணம்? மாப்பிள்ள இன்னும் தொடவே இல்லியே!"

எல்லோரும் பையனின் டம்ளரைப் பார்த்தார்கள். நிறைந்திருந்தது. அவன் அம்மாவைப் பார்த்தான், கதவோரம் நின்ற பெண்ணைப் பார்த்தான். டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். மீசையைத் துடைத்துக்கொண்டு அவளிடம், "இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்றான்.

அவள் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் துணிச்சல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேசரித் தட்டை இழுத்தாள். ஒரு வாய் போட்டு மென்றாள்.

"முந்திரி பத்தல," என்றாள்.

பெண்ணின் அம்மா முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.