பால் கானைத் தூக்கிய கை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அப்பா அதற்கும் முன்னரே. அடுத்த வகுப்புக்குப் போகவேண்டிய வருடங்களில் அவர்கள் போரில் ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்தார்கள். நான் பல்கலைக்கழகமும் போய்ப் புள்ளியியல் படித்தேன். பட்டச் சான்றிதழ் மெல்பேர்ன் புறநகரான ட்ருகனினாவில் எங்கள் வீட்டின் முன்னறையில் சாமிப் படங்களுக்குச் சற்று மேலே தொங்குகிறது. அந்த உயரத்தை நான்தான் தீர்மானித்தேன்.

அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, அமெரிக்கப் பையன்கள் பந்து எறிவதைப் பார்ப்பது. அவர்களுடைய கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. குவாட்டர்பேக் என்று ஒருவன் பந்தை எறிவான், மற்றவர்கள் ஓடுவார்கள் அல்லது விழுவார்கள். தொழில்முறை அணிகள் வருடத்துக்கு ஒருமுறை கல்லூரிப் பையன்களை முறைவைத்துத் தெரிவு செய்யும். அதற்கு ட்ராஃப்ட் என்று பெயர். யாரை எடுக்கலாம் என்று அந்த அணிகளுக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கும் நிறுவனத்தின் மெல்பேர்ன் கிளையில் நான் பயிலுநர். பயிலுநர்கள் நான்கு பேர். ட்ராஃப்ட் முடிந்ததும் ஒருவரை நிரந்தரமாக்குவார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மற்ற மூவரும் சிறுவயதிலிருந்து இந்த விளையாட்டைப் பார்த்தவர்கள். நான் நேர்முகத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் முதன்முதலாகப் பார்த்தவள்.

நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. திரையில் தெரியாததை எழுதக்கூடாது. வதந்தி கூடாது, கேள்விப்பட்டது கூடாது.

எனக்குக் கிடைத்த பையன் அமெரிக்காவின் நடுவிலே ஒரு சின்னக் கல்லூரி நகரத்தில் விளையாடியவன். குசினி மேசையில் மடிக்கணினியை வைத்து ஒரு கிழமை அவனையே பார்த்தேன். உயரம், உள்ளங்கை அகலம், கால் வைக்கும் முறை எல்லாம் கொப்பியில் எழுதினேன். சில இடங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். அம்மா கறிக்கு உப்புப் பார்க்கும் சாட்டில் பின்னால் வந்து நின்றார்.

"ஆர் பிள்ளை இந்தப் பொடியன்?"

"வேலை அம்மா."

"வேலையெண்டா ஒரே முகத்தை ஏன் பாக்கிறாய்? நேற்றும் இவன்தானே?"

"இவனைப் பற்றித்தான் எழுதவேணும்."

"எந்த இடம்?"

சொன்னேன். அம்மா "ஓம், ஓம்" என்றுவிட்டு அடுப்புக்குத் திரும்பினார். அந்தப் பதிலை நான் கவனித்திருக்க வேண்டும்.

அறிக்கை கொடுக்க இரண்டு நாள் இருந்தது. நான் முடித்தே விட்டேன். பந்தை எறியும் வலக்கையின் வலிமைக்கு உயர்ந்த மதிப்பெண். அவனுடைய கடைசி ஆட்டங்களைப் பற்றி இப்படி எழுதியிருந்தேன்: தூரமாக எறிய ஆசைப்படாத நிதானம், வயதுக்கு மீறிய பக்குவம். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

அன்று மத்தியானம் அம்மா கதிரையை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"சொன்னாக் கோவிக்கக் கூடாது. நான் விசாரிச்சனான்."

"ஆரை?"

"உந்தப் பொடியனைத்தான். சித்தி அந்த ஊரில தானே பெற்றோல் செட் வைச்சிருக்கிறாள்."

அம்மாவின் தங்கை பதினைந்து வருடமாக அங்கே இருப்பதை நான் மறந்திருந்தேன். அம்மா மறக்கவில்லை.

"குணம் தங்கமாம். குடி இல்லை, சிகரெட் இல்லை. தாய்க்காரியோட சேர்ச்சுக்குப் போவானாம். வேதக்காரர்தான், அதுக்கென்ன செய்யிறது. ஆனா ஒரு குறை." அம்மா குரலைத் தாழ்த்தினார். வீட்டில் வேறு யாரும் இல்லை. "வலக்கை ஏலாதாம். சித்தியின்ர கடையில பால் கானை இடக்கையாலதான் தூக்கிறானாம். கார்க் கதவும் இடக்கை. சித்தி கண்ணாலை கண்டவள். இதுகளை மறைச்சுப்போட்டுத்தான் பேசி முடிப்பினம், பிறகு நாங்கள்தான் அழவேணும்."

"அம்மா, நான் அவனைக் கலியாணம் கட்டப்போறதில்லை."

"பிறகேன் உள்ளங்கையை அளந்து எழுதினனீ?"

இதற்கு என்னிடம் புள்ளியியல் சார்ந்த பதில் இருந்தது. கொப்பியை மூடினேன்.

பால் கானை அறிக்கையில் எழுத முடியாது. ஆனால் கேட்டதைக் கேட்காததாக்கவும் முடியவில்லை. எல்லா ஆட்டங்களையும் திரும்பப் பார்த்தேன், இம்முறை பந்தை விட்டுவிட்டு. முதல் எட்டு ஆட்டங்களில் தலைக்கவசத்தை வலக்கையால் கழற்றினான். ஒன்பதாவது ஆட்டத்தில் ஒரு பெரிய ஆள் அவனை வலத்தோள் அடிபட விழுத்தினான். அதை நான் முன்பும் பார்த்து, 'உடனே எழுந்தான், மன உறுதி' என்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு தலைக்கவசம், தண்ணீர்ப் போத்தல், கைகுலுக்கல் எல்லாமே இடக்கை. தூர எறிதல் ஒன்றுகூட இல்லை. நான் பக்குவம் என்று எழுதியது தோள் வலி.

மதிப்பெண்ணைக் குறைத்தேன். எந்த ஆட்டம், எந்த நிமிடம் என்று குறித்து அனுப்பினேன்.

மறுநாள் மேலாளர் காணொளி அழைப்பில் வந்தார். அதே பையனை இன்னொரு பயிலுநரும் தனியாக மதிப்பிட்டிருந்தார். அவருடைய அறிக்கையில் என் பழைய சொற்கள் இருந்தன: நிதானம், பக்குவம்.

"உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று மேலாளர் கேட்டார்.

"தலைக்கவசத்தைக் கழற்றும் கையைப் பார்த்தேன்."

"அதை ஏன் பார்த்தாய்?"

நியாயமான கேள்வி. "எல்லாவற்றையும் பார்ப்பது என் பழக்கம்" என்றேன்.

ட்ராஃப்ட் எங்களுக்கு வெள்ளிக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் வந்தது. அப்பா கிடங்கு வேலைக்குப் போயிருந்தார். நானும் அம்மாவும் பார்த்தோம். தெரிவுக்குக் காத்திருக்கும் பையன்களைக் குடும்பத்தோடு ஓர் அறையில் இருத்தி, அடிக்கடி முகத்தைக் காட்டினார்கள். எங்கள் பையன் தாயின் பக்கத்தில் கோட்டுப் போட்டு இருந்தான். முதற்சுற்று முடிந்தது. அதிலேயே போவான் என்று எல்லோரும் எதிர்பார்த்த அவன் பெயர் வரவில்லை. தாய் அவன் முதுகைத் தடவினார்.

"நீ என்னத்தை எழுதினனீ?" என்றார் அம்மா.

"கை ஏலாது எண்டு."

"அப்பிடியே எழுதுறது? பாவம், தாய்க்காரியின்ர முகத்தைப் பார்."

"நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"நான் உனக்குச் சொன்னனான். ஊருக்குச் சொல்லச் சொன்னனானே?"

என் அறிக்கையை எத்தனை அணிகள் வாசித்தன என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் வாசிக்காமலும் இருந்திருக்கலாம். இருந்தும் அன்று அந்த அறிக்கையைத் திரும்ப எடுத்து வாசித்தேன்.

சனிக்கிழமை இரண்டாம் சுற்றில் அவன் பெயர் வந்தது. அம்மா கைதட்டினார். அவன் எழுந்து தாயைக் கட்டிப்பிடித்து, அணி கொடுத்த தொப்பியைப் போட்டான். இடக்கையால். தொலைக்காட்சியில் இருந்த மூன்று நிபுணர்களும் அவனுடைய பக்குவத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை நிரந்தர வேலைக் கடிதம் வந்தது. அம்மா தமிழில் வாசிக்கச் சொன்னார். பிறர் தவறவிட்டதைக் காணும் கண் எனக்கு இருக்கிறதாம். அந்த வரியை மட்டும் கொஞ்சம் விரைவாக வாசித்தேன்.

அம்மா முழுவதையும் கேட்டார். எழும்பிப் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.

"அப்ப சித்திக்கு ஒரு சீலை வாங்கி அனுப்பு" என்றார்.

அனுப்பினேன். கடிதத்தைச் சட்டம் போட்டுச் சான்றிதழின் பக்கத்தில் மாட்ட நினைத்திருந்தேன். இன்னும் மாட்டவில்லை.