ஆற்றுப்பக்கத்து கோல்

வெளியூர் அணியோடு வரும் ரசிகர்கள் மைதான வாயிலில் சீட்டு வாங்கியதும் எமிர் பியூவிடம் மாட்டிக்கொள்வார்கள். "டீ அப்புறம் குடிக்கலாம், அது எங்கயும் ஓடிடாது. வாங்க, ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்" என்பார். பதிலுக்குக் காத்திருக்காமல் நடக்கத் தொடங்கிவிடுவார். கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும். தபால்காரராக இருந்த காலத்து நடை அது. நாய் குரைத்தாலும் வேகம் மாறாது.

பொன்டார்வென் கால்பந்துச் சங்கத்தின் வரலாற்றை அவர் ஆண்டு சொல்லிச் சொல்வதில்லை, இடம் காட்டிச் சொல்வார். எந்த வருஷம் என்று யாராவது கேட்டால், "மழை பேஞ்ச வருஷம்" என்பார். பொன்டார்வெனில் மழை பெய்யாத வருஷம் கிடையாது.

முதல் மூலைக்கொடி அருகே நிற்பார். சிலேட்டுக்கல் குவாரியில் வேலை செய்த இளைஞர்கள், கால்பந்து பாவம் என்று சொன்ன தேவாலயப் பெரியவர்களுக்குத் தெரியாமல், முதல் பந்தை உதைத்தது அங்கேதான். "ஞாயித்துக்கிழமை ஜெபம், சனிக்கிழமை பந்து. ரெண்டையும் முட்டி தேயத் தேய செஞ்சானுங்க." அங்கிருந்து கற்பலகைகளை நட்டுக் கம்பியால் பிணைத்த வேலிக்கு வருவார். முதலாளிகள் குவாரியைப் பூட்டிவைத்த காலத்தில் பொன்டார்வென் ஆட்டக்காரன் ஒருவன் பசியில் அந்த வேலியோரம் மயங்கி விழுந்தான். எதிரணி கோல்கீப்பர் ஓடிவந்து தன் சட்டைக்குள்ளிருந்த ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். "அப்புறம் அவருக்கே ரெண்டு கோல் போட்டோம். சாப்பிட்ட தெம்பு!" வந்தவர்கள் சிரிப்பார்கள். எமிர் சிரிக்கமாட்டார்.

நடுக்கோட்டருகே குரல் தணியும். குவாரியை ஒரேயடியாக மூடிய வாரத்துச் சனிக்கிழமை ஊரே ஆட்டத்துக்கு வந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொன்டார்வென் கோல் அடித்தபோதும் பந்து வலையில் உரசிய சத்தம்தான் கேட்டது. "வந்த டீமு மெரண்டுட்டாங்க. நாங்க ஏதோ ஜெபம் பண்றோம்னு நெனச்சாங்க. பண்ணிட்டுத்தான் இருந்தோம்."

கடைசி நிறுத்தம் ஆற்றுப்பக்கத்து கோல். அங்கே தொப்பியைக் கழற்றிவிடுவார். கோல் கம்பங்களுக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்குப் புல் இல்லாத தரை. சங்கத்தில் ஆடியவர்கள், கத்தியவர்கள், சட்டை துவைத்தவர்கள் என்று பலருடைய சாம்பலும் அந்த மண்ணில் கலந்திருக்கிறது. கோல்கீப்பர் ஒருவர், சாகும்போது, தன்னை அங்கே தூவச் சொல்லித் தொடங்கிவைத்த வழக்கம். அதற்குப் பிறகு பொன்டார்வென் அணித்தலைவர் டாஸில் வென்றால் ஒன்றைத்தான் கேட்பார்: இரண்டாம் பாதியில் நாங்கள் ஆற்றுப்பக்கம் அடிக்க வேண்டும். "முடிவு தெரியற நேரத்துல பந்து அவங்க பக்கம் வரணும்ல?" மலைக்கு அந்தப் பக்கத்து லான்வாரோ அணியோடு ஜென்மப் பகை. ஆனால் டாஸில் வென்றால் அவர்கள்கூட இதை விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

எமிரின் மனைவி கெயின்வென்னும் அந்த மண்ணில்தான் இருக்கிறாள். உயிரோடிருந்தவரை அந்தக் கோலுக்குப் பின்னால் குடையில்லாமல் நின்று எதிரணி கோல்கீப்பர்களின் உயிரை வாங்கியவள். "கண்ணு, கை ரெண்டையும் அம்மா வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்பாள். இடைவேளையில் அதே பையனுக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்டு டீ கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள் போன பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் எமிர் அந்த இடத்தில் புல் விதைக்கிறார். சாம்பல் மிகுந்தால் புல் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் விதைக்கிறார்.

சென்ற ஆண்டு லீக்கிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். ஆற்றுவெள்ளத்தால் ஆட்டங்கள் அடிக்கடி தள்ளிப்போவதாகப் புகார். அந்த வெற்றுத்தரையைப் பார்த்து, இங்கே ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது, யார் இவ்வளவு நடக்கிறார்கள் என்று கேட்டார். வாயிலில் சீட்டுக் கிழிக்கும் டெக்வின், எமிரோடு ஒரே அணியில் ஆடியவர், "நடக்கறவங்க யாரும் அங்க இல்ல சார்" என்றார்.

பரிசோதகர் போனபின் உத்தரவு வந்தது. தரையைத் தோண்டி, வடிகால் போட்டு, செயற்கைப் புல் விரிக்க வேண்டும். இல்லையென்றால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். இறக்கினால் நன்றாக ஆடும் பையன்கள் எல்லாம் லான்வாரோவுக்குப் போய்விடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

அந்த வாரம் முழுக்க எமிர் மைதானத்தைத் தனியாகச் சுற்றினார். வழியில் பார்த்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கெயின்வென்னை அங்கே தூவியபோது, எப்போதும் இங்கேதான் இருப்பாய் என்று அவளிடம் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பதென்றால், உத்தரவை ஏற்பதா என்று முடிவெடுக்கும் சங்கக் கூட்டத்தில் எதிராகக் கை தூக்க வேண்டும். தூக்கிவிட்டால் மண் இருக்கும், அவள் இருப்பாள். ஆனால் பந்து? யாருமே ஆடாத மைதானத்தில் அவளை விட்டுவைப்பதும் சொல் காப்பதுதானா? காப்பாற்றுவது மண்ணையா, தன் துக்கத்தையா? சங்கத்தின் வரலாற்றை ஊருக்கெல்லாம் சொல்கிறவருக்கு இதில் எது சங்கம் என்று புரியவில்லை.

கூட்டத்தில் கைகள் இரண்டு பக்கமும் சமமாக நின்றன. எமிரின் கை மட்டும் மடியில் கிடந்தது. சங்கச் செயலாளர் லவ்ரி, பள்ளி ஆசிரியை, தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்: "எமிர் மாமா, நீங்க?"

"அவரு எங்க பக்கம்தாம்மா, எழுதிக்கோ" என்றார் டெக்வின். அவருடைய தம்பியும் அந்த மண்ணில்தான் இருக்கிறார்.

எமிர் எழுந்து நின்றார். "கெயின்வென் இங்க புல்லைப் பாக்க வரல டெக்வின். பந்தைப் பாக்க வந்தா." செயற்கைப் புல்லுக்கு ஆதரவாகக் கையை உயர்த்தினார். இறக்கிய பிறகு ஒன்று மட்டும் கேட்டார். கோல் கம்பங்களுக்கு முன்னாலுள்ள மண் லாரியில் ஏறக் கூடாது, கோலுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில், வலையை ஒட்டிச் சேர வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

டெக்வின் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். பிறகு வந்த ஆட்டங்களில் எமிர் சீட்டுக்குக் கை நீட்டினால் முகத்தைப் பார்க்காமலே கிழித்துக் கொடுத்தார்.

தோண்டும் நாள் வந்தது. தூறல். இறந்தவர்களின் வீட்டார் மேட்டில் வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லாமலே தொப்பிகளைக் கழற்றியிருந்தார்கள். டெக்வினும் வந்திருந்தார், ஒதுங்கி. லவ்ரி பிஸ்கட் டப்பாக்களைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"மாமா, அவங்கவங்க வீட்டுக்குக் கொஞ்சம் மண்ணு எடுத்துக் குடுத்துடலாம்னு பாத்தேன்."

"யாரோடதை யாருக்கும்மா குடுப்ப?"

எத்தனையோ பருவங்களாகக் கால்கள் மிதித்து, மழை கரைத்து, கோல்கீப்பர்கள் விழுந்து புரண்டு கலந்த மண்.

"என் தம்பி கோல் கம்பத்துகிட்டதான் இருப்பான்" என்று டெக்வின் தொலைவிலிருந்தே குரல் கொடுத்தார். "உசுரோட இருந்தப்பவே அந்த எடத்தை விட்டு நகர மாட்டான், சோம்பேறிப் பய. ஓடவே மாட்டான்."

"ஆனா கோல் போடுவான்" என்றார் எமிர்.

"அதைச் சொல்லு."

மாதக்கணக்கில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. டெக்வின் நடந்து வந்து பக்கத்தில் நின்றார். எமிர் லவ்ரியின் பக்கம் திரும்பினார். "டப்பாவெல்லாம் வேணாம்மா. டீமைப் பிரிக்காதே. எல்லாரும் ஒண்ணா இருக்கட்டும்."

மண் தோண்டும் வண்டியை ஓட்டியவர் இளைஞர், வெளியூர்க்காரர். முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் போலும். தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல அந்தத் தரையைச் சுரண்டினார். சாம்பல் என்று பிரித்துக் காட்ட எதுவுமில்லை, கருப்பு மண்தான். வண்டியின் ஒவ்வொரு வாளி மண்ணும் மேட்டுக்குப் போய்க் கவிழ்ந்தது. தேவாலயப் பாடகர் குழுவிலிருக்கும் ஒரு பெண் மெல்லப் பாட ஆரம்பித்து, இரண்டாவது அடியோடு நிறுத்திக்கொண்டாள். அதை யாரும் எடுத்துப் பாடவில்லை.

கடைசி வாளியும் கவிழ்ந்தது. வீட்டார் ஒவ்வொருவராகக் கீழே இறங்கத் தொடங்கினார்கள். மைதானத்தின் மறுபக்கத்தைத் தோண்ட வேண்டும். அந்த மண் லாரிக்குப் போவது. வண்டி திரும்பியது.

"நில்லு தம்பி!"

எமிர் கையை உயர்த்தியபடி வண்டிக்கு முன்னால் வந்துவிட்டார். இளைஞர் பதறிப்போய் நிறுத்தினார். எமிர் சாடை காட்ட, வாளியை அவருடைய இடுப்பளவுக்கு இறக்கினார். இரும்புப் பற்களின் இடுக்குகளில் ஈரமண் அப்பிக்கொண்டிருந்தது. எமிர் தொப்பியை மல்லாத்தி இடது கையில் ஏந்திக்கொண்டார். வலது கையின் நகத்தால் ஒரு பல்லிடுக்கிலிருந்து மண்ணைச் சுரண்டி அதில் போட்டார். அடுத்த இடுக்குக்கு நகர்ந்தார்.

இளைஞர் என்ஜினை அணைத்தார்.