கல்யாணம் நடந்தபோது நான் கடலுக்கு மேலே இருந்தேன்

வின்னிபெக்கில் தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்கிறார்கள். ஏரி எவ்வளவு தூரம் என்றால், "இரண்டு மணி நேரம்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் சோமனூரில் எதைக் கேட்டாலும் "இங்கதானுங்க, பக்கம்" என்பார்கள். கொடுமுடியும் பக்கம், வால்பாறையும் பக்கம். வந்த புதிதில் அவர் என் ஊரின் தூரத்தைக் கேட்டார். "ஒன்றரை நாள்" என்றேன். பனியில் அவ்வளவு நேரம் காரோட்ட வேண்டாம் என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

போன தை மாதம் தம்பி செந்திலுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில், தாலி கட்டுமுன் மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் மணையில் அமர்ந்து இணைச்சீர் செய்ய வேண்டும். அவனோடு பிறந்தவள் நான் ஒருத்திதான். அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவளும் நானே. கிளம்பிய அன்று பனிப்புயல். டொராண்டோவில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டேன். மறுநாள்தான் இடம் கிடைத்தது. அழுதுகொண்டே தம்பியை அழைத்தேன்.

"பதறாதீங்க அக்கா. நீங்க பைய வாங்க, பாத்துக்கலாம்" என்றான். முகூர்த்தம் காத்திருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

விமானத்தில் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டார்கள். பகலுமில்லை, இரவுமில்லை. முன்னிருந்த திரையில் ஒரு குட்டி விமானம் நீலத்தின் மேல் நகராமல் நகர்ந்தது. பக்கத்து இருக்கை மூதாட்டி என் கண்களைப் பார்த்து, ஏதும் துக்கமா என்று கேட்டார். தம்பியின் கல்யாணம், நான் போய்ச் சடங்கு செய்ய வேண்டும் என்றேன். "ஓ, நீங்கள் பாதிரியாரா!" என்று என் கையைப் பற்றிக்கொண்டார். மறுக்கத் தெம்பில்லை. அந்தக் கை சூடாக இருந்தது. அப்படியே கண்ணயர்ந்தேன். என்ஜின் இரைச்சலுக்குள் எங்கோ நாதஸ்வரம் கேட்டது. விழித்தபோது தாலி கட்டி முடிந்திருக்கும்.

கோவை விமான நிலைய வாசலில் செந்திலும் புதுப்பெண்ணும் நின்றிருந்தார்கள். கூடவே சித்தி மகள் வசந்தா. நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "உங்களுக்குப் பதிலா நாந்தானுங்க அக்கா உக்காந்தேன். ஆனா செந்திலு, 'எங்க அக்கா வானத்துல வந்துட்டிருக்குதுங்க, அது பேரச் சொல்லியே சீர் செய்யுங்க'ன்னு சொல்லிப்போட்டுது. சீர் நடத்தி வெக்கற அருமைக்காரரும் உங்க பேரச் சொல்லித்தான் செஞ்சாருங்க."

நான் தூங்கிக்கொண்டிருந்த வேளையில் என் பெயர் மணையில் அமர்ந்திருந்திருக்கிறது. செந்திலின் தலையைத் தடவினேன். அட்சதை அரிசி ஒன்று விரலில் ஒட்டியது.

வீட்டில் பெரியம்மா கட்டிக்கொண்டு, "எப்பக் கண்ணு வந்தே? எப்பக் கெளம்பறே?" என்று ஒரே மூச்சில் கேட்டார். பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. வின்னிபெக்கிலிருந்து கணவர். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"ஊடு போய்ச் சேந்துட்டியா?"

அவர் குரலுக்குப் பின்னால் எங்கள் வாசலில் யாரோ பனியை வாரித் தள்ளும் சத்தம், கரகரவென்று. இந்தப் பக்கம் பந்திக்கு இலை போடச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கண்களை மூடிக்கொண்டேன். ஒரு காதில் பனி. ஒரு காதில் கல்யாண வீடு.

"ஊட்லதானுங்க இருக்கறேன்" என்றேன்.