பதினாறாம் மாடியின் ஒற்றை அடுப்பு

நாவடக்கம் அரிய குணம். பேசத் தெரியாதவரிடம் அது இருப்பதில் வியப்பில்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவர், பேசினால் தமக்கே நன்மை விளையும் என்றறிந்த பின்னும் வாய் திறவாதிருப்பதே அக்குணத்தின் முழு வடிவம். அவ்வடிவத்தைக் காண விழைவோர் ஐதராபாத் நகரத்துக் கச்சிபௌலியின் இருபது மாடி அடுக்ககம் ஒன்றில், மூன்று வீடுகளுக்குச் சமைக்கும் கனகவல்லி அம்மையாரைக் காணலாம்.

அவர் முன்னோர் வெள்ளையர் காலத்திலேயே செகந்திராபாத்தில் குடியேறியவர்கள். இப்போது கணவர் அருணாசலத்தோடும் மகள் ரோகிணியோடும் குகட்பள்ளியில் வாடகைக்கு இருக்கிறார். அருணாசலம் மென்பொருள் ஊழியர்களை அலுவலகத்துக்கு ஏற்றிச்செல்லும் வேன் ஓட்டுநர். பொருளாதார மந்தம் வந்தது, ஊழியர் குறைந்தனர், வேன் நின்றது. அன்றுமுதல் குடும்பத்தைத் தாங்கியது அம்மூன்று வீட்டுச் சம்பளமே.

அம்மந்தம் அம்மூன்று வீடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தீண்டியது. அவ்வீட்டார் மூவரும் மென்பொருள் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மூவரும் வேலை இழந்ததை அண்டை அயலார் அறியாமல் காத்தார்கள். பன்னிரண்டாம் மாடி ரஞ்சன் காலை ஒன்பதுக்குக் கழுத்தில் பட்டையோடு முன்வாயில் வழியே புறப்படுவார். அடையாள அட்டையை நிறுவனம் வாங்கிக்கொண்டதால், பட்டையின் நுனியில் உடற்பயிற்சிக்கூட அட்டை சட்டைப்பைக்குள் மறைந்திருக்கும். பத்து நிமிடத்தில் வண்டி நிறுத்துமிடம் வழியாகத் திரும்பிவிடுவார். ஒன்பதாம் மாடி தீபக், பால்கனியில் நின்று மறுமுனையில் எவருமில்லாத கைப்பேசியில் உரத்த ஆங்கிலத்தில் ஆணைகள் பிறப்பிப்பார்.

பதினாறாம் மாடி சுப்ரியா ஒரு படி மேல். “கனகாக்கா, இனிமே பாதி நாள் வந்தாப் போதும். பாதிச் சம்பளம். ஆனா இந்தப் புதுச் செருப்பு தினமும் வாசல்ல இருக்கட்டும். சமையல்காரங்க வந்திருக்காங்கன்னு எதிர்வீட்டுல நினைச்சுக்குவாங்க.”

“செருப்புக்குத் தனிச் சம்பளம் உண்டா மேடம்?” என்றார் கனகவல்லி.

“ரிசஷன்க்கா! எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். மத்த ரெண்டு வீட்டுலயும் முழுசா வருதில்ல?”

இதே சொல்லை ரஞ்சனும் சொன்னார், தீபக்கும் சொன்னார். மூன்று வீடும் பாதி. மூவரும் மற்ற இருவர் முழுதாகத் தருவதாக நம்பினர். “அவர்களும் உம்மைப் போலத்தான்” என்று ஒரு சொல் சொன்னால் வழக்குத் தீரும். ஆயினும் ஒரு வீட்டுச் செய்தியை மறு வீட்டில் சொல்வதெப்படி? தீபக்கிடம் கனகவல்லி கூறியது இவ்வளவே: “உங்களை வேலைய விட்டு அனுப்பினவங்க நாலு மாசச் சம்பளம் கையில குடுத்து அனுப்பினாங்க தம்பி. எனக்கு நாளையிலேருந்தே பாதிங்கறீங்க.” தீபக் கைப்பேசியில் முக்கியமான அழைப்பு வந்ததுபோல் பால்கனிக்கு விரைந்தார்.

மாலையில் ரோகிணி, அவ்வூர் உருது கலந்த தமிழில் கொதித்தாள். “கைக்கு? ஏன் சும்மா இருக்கே அம்மா? ஒரு மெசேஜ் போடு, மூணு பேருக்கும் தெரிஞ்சிடும்.”

“நக்கோ, வேணாம். வாயைத் தொறந்துட்டா நாளைக்கு யாரு அடுப்படிக்குள்ள விடுவா?”

“அப்போ வாடகை?” என்றார் அருணாசலம்.

 அதற்கு விடை மறுநாள் காலை பிறந்தது. மூன்று வீட்டிலும் தனித்தனியே ஒரே அறிவிப்பு: “பாதிச் சம்பளத்துக்கு மூணு எடத்துல காய் நறுக்க முடியாது. பதினாறாவது மாடியில ஒரே அடுப்புல சமைப்பேன். பன்னிரண்டரைக்குக் கேரியரோட வந்து வாங்கிக்கணும். மாடி மாடியா நான் எறங்க மாட்டேன்.” மூவரும் அரைமனத்தோடு இசைந்தனர். வேறெவர் வருவார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் தம்மையும் கேட்பார்களே!

அவ்வடுக்ககத்தில் வீட்டுவேலை செய்வோருக்கும் குப்பைக் கூடைகளுக்குமெனப் பின்புறம் ஒரு லிஃப்ட் உண்டு. குடியிருப்போர் அதில் கால் வைப்பதில்லை. ஆதலால் நண்பகலில் கேரியரோடு மறைந்து செல்ல அதனினும் சிறந்த வழியில்லை என்று தீபக் கருதினார். பன்னிரண்டாம் மாடியில் கதவு திறந்தது. அவ்வாறே கருதிய ரஞ்சன் கேரியரோடு நின்றார்.

“என்ன தீபக், ஆபீஸ் இல்லியா?”

“வொர்க் ஃப்ரம் ஹோம். நீங்க?”

“நானும் அதான். மெயின் லிஃப்ட் ரிப்பேரு.”

“ஆமாமா, கேள்விப்பட்டேன்.”

அந்த லிஃப்ட் மூன்றாண்டுகளாகப் பழுதானதே இல்லை. பொத்தானை நோக்கி நீண்ட ரஞ்சனின் விரல், பதினாறு ஏற்கெனவே ஒளிர்வதைக் கண்டு மடங்கியது. நான்கு மாடித் தொலைவும் இருவரும் தத்தம் கேரியரையே உற்று நோக்கினர்.

கதவைத் திறந்த சுப்ரியா திகைத்தார். சமையலறையிலிருந்து கனகவல்லி கரண்டியோடு எட்டிப்பார்த்து, “சாம்பார் ஆறுது” என்றார்.

“எப்போ?” என்று தீபக் ரஞ்சனைக் கேட்டார்.

“ஆயிடுச்சு ரெண்டு மாசம். உங்களுக்கு?”

“தீபாவளிக்கு மறுநாள்.”

“நான் இருபது பேரை வேலைய விட்டு அனுப்பினேன். இருபத்தொண்ணாவது நான்” என்றார் சுப்ரியா. முதலில் சிரித்தவரும் அவரே.

சிரிப்பு அடங்கியதும் ரஞ்சன் மெல்லக் கேட்டார்: “அப்போ உங்களுக்கு மூணு வீட்டுலயும் பாதிதானாக்கா?”

“அதை நான் எப்படி சார் சொல்றது?”

மூவரும் தலை தாழ்த்தினர். அன்றே சுப்ரியா மடிக்கணினியைத் திறந்தார். ஒரே அடுப்பு, ஒரே சந்தை, ஒரே மளிகை. வெளியிலிருந்து வரவழைக்கும் மாலைப் பலகாரம் நின்றது. மிஞ்சியது கனகவல்லியின் முழுச் சம்பளத்துக்குப் போதுமாயிருந்தது. குறைக்க வேண்டியவை இத்தனை இருக்க, சம்பளத்தில் எப்படி முதலில் கைவைத்தோம் என்று தீபக் வியந்தார். “அதுதான் தம்பி கைக்கு எட்டுற ஒசரத்துல இருந்துச்சு” என்றார் கனகவல்லி, அப்பளம் பொரித்தபடி.

ரஞ்சனுக்குக் குறைந்த ஊதியத்தில் வேலை கிடைத்துவிட்டது. உண்பது இன்றும் பதினாறாம் மாடியில்தான். அருணாசலத்தின் வேன் இன்னும் நின்றபடியே இருக்கிறது.

அவ்வேன் விரைவில் உருள்க. ரோகிணி கற்ற கல்வி சோர்வுறாது பயன் தருக. வாடகை நாள் அவ்வீட்டுக்கு மற்ற நாள்களைப் போலவே கவலையின்றிக் கழிக. பிறர் பசி ஆற்றும் அவ்வம்மையாரின் இல்லத்தில் இறையருள் என்றும் நிற்க, அவ்வில்லத்தார் மூவரும் நீடு வாழ்க!